‘ஆதரவற்றோர்’: ஒரு மனுவை வாசித்தல்

கவிதையையும் நாவலையும் விமர்சனம் பண்ணுகிற பக்கத்தில் ஒரு அரசாங்க மனுவுக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கட்டும். நம் சனங்கள் வாசித்த பிரதிகள் குறைவு. கைநாட்டு வைத்த பிரதிகள்தான் அதிகம். கடன் பத்திரம், அடமானச் சீட்டு, போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிய வாக்குமூலம், கடைசியாக முதியோர் உதவித்தொகை மனு. ஒரு மனுஷி எழுபது வருஷம் உழைத்துவிட்டு, தன் வாழ்க்கையைப் பற்றி அரசிடம் சொல்ல அனுமதிக்கப்படுகிற ஒரே ஒரு பக்கம் அது. அந்தப் பக்கத்தில் என்ன சொல்லவைக்கிறார்கள், எதைச் சொல்லவிடாமல் வைக்கிறார்கள் என்று பார்ப்பதும் விமர்சன வேலைதான்.

நான் போளூர்ப் பக்கத்துச் சேரிக்காரன். மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். மலையிலிருந்து சாமையும் புளியும் பலாவும் கடுக்காயும் கீழே வரும்; அதைக் கொண்டுவருகிற மலையாளி சனங்கள் சந்தையில் எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். அரசாங்கக் கணக்கில் அவர்கள் பழங்குடி, நாங்கள் அட்டவணை சாதி. எடை போடுகிற வியாபாரி இரண்டு பேரையும் ஒரே கண்ணால்தான் பார்ப்பான். சில வருஷத்துக்கு முன்னால் மலைமேல் உள்ள ஒரு ஊரில் வயசானவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கப் போனேன். அங்கே நடந்ததைச் சொன்னால்தான் நான் பேச வருவது விளங்கும்.

ஒரு ஆயா. புருஷன் செத்துப் பல வருஷம் ஆச்சு. சரிவில் கொஞ்சம் நிலம், பட்டா இன்னும் செத்தவர் பேரில். பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தன் மரம் வெட்டப் போனவன், வருஷத்துக்கு ஒருதரம் வந்தால் உண்டு. இன்னொருத்தன் பக்கத்துக் கொட்டாயிலேயே பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். அவனுக்கே கூலி கிடைத்தால்தான் களி. நான் மனுவை வாசித்துக்கொண்டே வந்தேன். ஆதரிக்க ஆள் யாராவது உண்டா என்ற இடம் வந்தது. எனக்குத் தாலுகா ஆபீஸ் நடைமுறை தெரியும். “யாரும் இல்லன்னு போட்டுடறேன் ஆயா” என்றேன்.

ஆயா கையை இழுத்துக்கொண்டாள். “இதோ நிக்கிறானே, இவன் யாரு?”

“இருக்கான்னு எழுதினா பணம் வராது ஆயா. எழுத்துக்குத்தான்.”

“எழுத்துக்குன்னாலும் புள்ள இல்லன்னு எப்பிடிப்பா சொல்றது? அப்பிடிச் சொன்னா அவனச் சாவச் சொன்ன மாதிரி.”

மகன் தலையைக் குனிந்துகொண்டு, “சொல்லிடும்மா, எனக்கொண்ணும் இல்ல” என்றான். அவள் சொல்லவில்லை. ‘மகன் இருக்கிறான், ஆனால் தாயைப் பராமரிக்கும் வருமானம் அவனுக்கு இல்லை’ என்று எழுதி, ரேகை வைத்து, கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த ஆபீஸின் பேர் இங்கே தேவையில்லை. பல மாசம் கழித்து, மகன் இருக்கிற காரணத்தால் தகுதியில்லை என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். எழுதிக்கூடத் தரவில்லை.

இந்த விஷயத்தில் குற்றவாளி யார் என்று யோசித்தால் முதலில் நான்தான் வருகிறேன். உண்மையை எழுதினால் தோற்கும் என்று தெரிந்துகொண்டு, பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்த படித்தவன் நான். பொய் சொல்ல மறுத்த படிக்காதவள் அவள். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்துதான் எழுதப்படுகிறது.

‘ஆதரவற்றோர்’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல் 1 முதல், காமராசர் ஆட்சியில், மாசம் 20 ரூபாயாகத் தொடங்கியது. அன்றைய நிலையில் அது சின்னக் காரியம் இல்லை. பிழைப்புக்கு வழியில்லாத, தாங்க ஆள் இல்லாத கிழவர் கிழவிகளுக்கு அரசு பொறுப்பு என்று ஒரு ஏழை மாநிலம் ஒப்புக்கொண்டது. அதற்கு வைத்த நிபந்தனைதான் இந்தச் சொல். 1975இல் விதவைகளுக்குத் திட்டம் வந்தபோதும் ‘ஆதரவற்ற விதவை’ என்றே பேர் வைத்தார்கள். மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15இல் தேசிய சமூக உதவித் திட்டத்தைக் கொண்டுவந்து 65 வயது தாண்டியவர்களுக்கு மாசம் 75 ரூபாய் என்றபோதும், ஆதரவற்றவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வந்தது. 2007இல் மத்திய அரசு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘வறுமைக் கோட்டுக்குக் கீழ்’ என்று போட்டது. 2011இல் வயதை 60 ஆகக் குறைத்தது. தாளில் சொல் போனது. வி.ஏ.ஓ.வின் வாயிலிருந்தும் ஆர்.ஐ.யின் விசாரணைக் குறிப்பிலிருந்தும் அது போகவில்லை. ‘பையன் இருக்கானா?’ என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது? வறுமையை ஒரு குடும்பப் பிரச்சினை ஆக்குகிறது. ஆயா ஏழை, ஏனென்றால் மகன் கவனிக்கவில்லை. மகன் இருந்தால் ஏழை இல்லை. மகனும் ஏழை என்ற மூன்றாவது உண்மைக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. அவன் அப்பன் ஏழை, தாத்தன் ஏழை, காடு வனத்துறையுடையது, சாமைக்கு விலை சொல்கிறவன் சமவெளி வியாபாரி என்பதற்கெல்லாம் கட்டம் எங்கே இருக்கும்? தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வந்த இல்லாமையை ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவில் உள்ள சண்டையாகக் காட்டுவதுதான் இந்தப் பிரதியின் தந்திரம்.

இன்னொரு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. 2009இல் தமிழ்நாட்டுக்கு விதிகள் வந்தன. பிள்ளை கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாசம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்கலாம். நல்ல சட்டம்தான். வீட்டையும் நிலத்தையும் பிள்ளை பேருக்கு எழுதிவிட்டுத் தெருவுக்கு வந்த எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதன் மனசுக்குள் இருக்கிற கிழவர் யார்? எழுதிக்கொடுக்கச் சொத்து உள்ளவர். சம்பளம் வாங்குகிற பிள்ளை உள்ளவர். நம் ஆயா அந்தப் படிக்கட்டில் ஏறினால் கூலிக்கார மகன்மேல் வழக்குப் போட வேண்டும். ஒரே வருவாய்த்துறை, இரண்டு வாசல். தாசில்தார் வாசலில் ‘மகன் இல்லை என்று சொல்’ என்கிறார்கள். கோட்டாட்சியர் வாசலில் ‘மகன்மேல் புகார் கொடு’ என்கிறார்கள். மகனோடு சேர்ந்து ஏழையாக இருக்கிற தாய்க்கு இரண்டு வாசலும் இல்லை.

மகன் மரம் வெட்டப் போனான் என்றேன். எங்கே போனான் என்று நாம் எல்லோருக்கும் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டு 20 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலைகளைச் சேர்ந்த கூலிகள். ஜவ்வாது மலையிலும் பிணங்கள் வந்து இறங்கின. அன்றைக்குப் பத்திரிகைகள் விதவைகளைப் படம் எடுத்தன, குழந்தைகளைப் படம் எடுத்தன. பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த கிழவன் கிழவியை யாரும் எழுதவில்லை. ஏப்ரல் 6ஆம் தேதிவரை அவர்களுக்கு மகன் இருந்தான், ஆகையால் தகுதி இல்லை. 7ஆம் தேதி துப்பாக்கி அவர்களை ஆதரவற்றோர் ஆக்கியது. இப்படி ஒரு தகுதியைக் கேட்கிற தாளை என்ன சொல்லித் திட்டுவது?

அடுத்தது வயசு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன் மலையில் பிறந்தவர்களுக்குச் சான்று ஏது? ஆதார் எடுத்தபோது தோராயமாக வயசு சொன்னவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 பிறந்தநாள் ஆனது. மலைமேல் ஒரு தெருவே புத்தாண்டில் பிறந்திருக்கிறது. அவசரத்தில் பத்து வயசு குறைத்துப் போட்டவனும் உண்டு. அதைத் திருத்த இன்னொரு சான்று வேண்டும், அந்தச் சான்றுக்கு ஆதார் வேண்டும்.

ஆயாவிடம் வயசு கேட்டேன். “காவலூர்ல நட்சத்திரம் பாக்குற கண்ணாடி மொதல்ல வச்சாங்களே, அந்த வருஷம் நான் பெரிய மனுஷி ஆனேன்” என்றாள். காவலூர் இதே ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. 1968இல் அங்கே முதல் தொலைநோக்கி வைத்தார்கள். 1986இல் ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தார்; வைணு பாப்பு பேர் வைத்தார்கள். 1968இல் பெரிய மனுஷி ஆனவள் 1954, 1955 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். என்னைப் போன்ற கணக்கில் மக்கு ஆள்கூடக் கூட்டிச் சொல்லிவிடலாம். மனுவோடு அவள் ஆதாரை வைத்துப் பார்த்தால் அதில் இருந்த வருஷம் 1962. அரசாங்கமே கட்டிய கண்ணாடிதான் சாட்சி. ஆனாலும் செல்லாது.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரிட்டன் 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் போட்டு, 1909 ஜனவரி முதல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கொடுத்தது. அப்போது அயர்லாந்து அவர்கள் காலனி மாதிரிதான். அங்கே பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது. 70 வயதுக்காரர் யாரிடமும் சான்று கிடையாது. என்ன செய்தார்கள்? 1839 ஜனவரி 6 ராத்திரி அந்தத் தேசத்தையே புரட்டிப்போட்ட ஒரு பெருங்காற்று அடித்தது. அந்தக் காற்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஞாபகம் இருக்கிறது என்றவர்களின் பேச்சை வயசுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அதில் சிலர் ஏமாற்றியும் இருப்பார்கள். இருக்கட்டுமே. ஏழைக் கிழவன் ஐந்து ஷில்லிங் அதிகம் வாங்கினால் சாம்ராஜ்யம் கவிழ்ந்துவிடவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் தன்கீழ் இருந்த ஏழையின் ஞாபகத்துக்குக் கொடுத்த மரியாதையை, நம் ஆபீஸ் நம் ஆயாவின் ஞாபகத்துக்குக் கொடுக்கவில்லை.

இனி ‘உதவித்தொகை’ என்ற சொல்லுக்கு வருவோம். சர்க்கார் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் வாங்குவது ஓய்வூதியம். நம் ஆயா வாங்குவது உதவித்தொகை. 1982 டிசம்பர் 17இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் என்பது எஜமான் இஷ்டப்பட்டுப் போடுகிற பிச்சை ஆகாது, பார்த்த வேலைக்குச் சேர வேண்டியது, அது உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. இன்றும் அந்த நாளை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். சரி, மலைச்சரிவில் சாமை விதைத்தவளும், பண்ணையில் நாற்று நட்டவளும், செத்த மாட்டைத் தூக்கினவனும் பார்த்தது வேலை இல்லையா? அவர்களுக்கு எஜமான் யாரென்று எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். எழுதாமல் விட்டவன் தப்புக்குக் கூலிக்காரன் ‘உதவி’ வாங்குகிறவன் ஆனான்.

தொகையைப் பாருங்கள். 1962இல் 20 ரூபாயாக இருந்தது 2011இல் 1,000 ஆனது. பிறகு 12 வருஷம் அசையவில்லை. 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. மத்திய அரசின் பங்கு 2006இல் 200 ஆனது; 60லிருந்து 79 வயதுவரை உள்ளவர்களுக்கு 2025 வரையும் அதே 200தான். அரசு ஊழியருக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை பஞ்சப்படி ஏறுகிறது. பருப்பு விலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களைவிட இதில் முன்னால் நிற்கிறது. என் சொந்தப் பாட்டிக்கு மணியார்டரில் வந்த பணம் எங்கள் வீட்டில் பல நாள் அடுப்பு எரிய வைத்தது. போஸ்ட்மேன் சேரிக்குள் வரமாட்டார். ஊர்த்தெரு முனையில் நின்றுகொண்டு கைதட்டிக் கூப்பிடுவார். கையில் கொடுக்கும்போது தன் பங்கை எடுத்துக்கொள்வார். ஆனாலும் அந்த ஒரு நாள் பாட்டி நிமிர்ந்து நடப்பாள். மருமகள் அன்றைக்கு அதட்ட மாட்டாள். பேரப்பிள்ளைகளுக்குப் பொரிஉருண்டை உண்டு. 1983இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுக் கூடத்தில் உதவித்தொகை வாங்கும் முதியோருக்கும் மதியச் சோறு என்றது. பண்டிகைக்கு வேட்டி சேலை வந்தது. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்து பிரஷர் மாத்திரையை வீட்டில் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் 70 வயது தாண்டியவர்களுக்கு ரேஷன் வீடு தேடிப் போகும் என்றார்கள். இதையெல்லாம் கேலி பண்ணுகிறவன் பசியை அறியாதவன்.

ஆனால் வீடு தேடி வருவது எதுவும் மலைமேல் கடைசி வளைவுவரை வருவதில்லை. மணியார்டர் போய் பேங்க் வந்தது, ரேகை மிஷின் வந்தது. களையெடுத்து, விறகு ஒடித்து, புளி உடைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழுவதில்லை. சிக்னல் கிடைக்கிற பாறைமேல் மிஷினை வைத்துக்கொண்டு அந்தப் பொண்ணு என்ன செய்வாள்? ‘அடுத்த மாசம் வா ஆயா’ என்கிறாள். ஒவ்வொரு மாசமும் 7ஆம் தேதிக்குள் பணம் போய்ச்சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவு போட்டது. அந்தத் தேதி மலைக்குத் தெரியுமா? சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் மலையிலிருந்து இறங்கி பஸ் மாறி அங்கே போய்ச்சேர ஒரு நாள் ஆகும். கூடப் போகிறவனுக்குக் கூலி போகும்.

இந்த இடத்தில் நம் எழுத்தையும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். தமிழ் நவீன இலக்கியத்தில் கிழவர்கள் நிறைய. பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்கள். திண்ணையில் பேப்பர் படிப்பார்கள். முதல் தேதி பென்ஷன் வாங்குவார்கள். மகன் மதிக்கவில்லை என்று வருந்துவார்கள். அவர்கள் பிரச்சினை தனிமை, பசி கிடையாது. அதை விமர்சித்துக்கொண்டு வந்த நாம் என்ன எழுதினோம்? 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’வில் பாட்டி நாயக்கர் வீட்டு வேலைக்காரி, அவள் உழைப்பு அங்கே தெளிவாக இருக்கிறது. அதற்குப் பின் வந்த நம் எழுத்து பலவற்றில் பாட்டி வெறும் பாட்டுப் பெட்டி. ஒப்பாரி பாடுவாள், கதை சொல்வாள், வைத்தியம் சொல்வாள். டேப் ரிக்கார்டரை வைத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தோம். அவள் மனு எந்த மேஜையில் கிடக்கிறது என்று யாராவது கேட்டோமா? போராட்ட நாயகன் நமக்கு எப்போதும் இளைஞன்தான். கிழவி பின்னணி. அரசாங்கத் தாளில் அவளுக்கு இடமில்லை என்று கத்துகிற நாம், நம் தாளில் கொடுத்த இடம் எவ்வளவு?

அண்ணல் இதை யோசித்திருக்கிறார். 1947இல் அவர் கொடுத்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற திட்டத்தில், வயதுவந்த ஒவ்வொரு குடிமகனும் தன் வருமானத்துக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுத்தாக வேண்டும், காப்பீட்டுத் தொழிலை அரசே நடத்த வேண்டும் என்று எழுதினார். அதை அரசியல் சட்டத்தின் அடிப்படைப் பகுதியாகவே வைக்கச் சொன்னார். வைக்கவில்லை. முதுமைக்கான உதவி 41ஆம் உறுப்பில் வழிகாட்டு நெறியாக, ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்ற வாலோடு, நீதிமன்றத்தில் கேட்க முடியாத பகுதியில் போய் உட்கார்ந்தது. உரிமையாக வந்திருக்க வேண்டியது உதவியாக வந்த கதை அங்கே தொடங்குகிறது.

வேறு வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. நேபாளம் நம்மைவிட ஏழை நாடு, பெரும்பகுதி மலை. 1995இல் அங்கே 75 வயதானவர்களுக்கு மாசம் 100 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். மகன் இருக்கானா, நிலம் இருக்கா என்ற கேள்வி கிடையாது. 2008இல் பொது வயதை 70 ஆக்கியபோது தலித்துகளுக்கும் கர்ணாலி மலைப்பகுதிக்காரர்களுக்கும் 60 போதும் என்றார்கள். நம் உடம்பு சீக்கிரம் கிழடு தட்டுகிறது, சீக்கிரம் சாகிறது என்பதைச் சட்டத்தில் ஒப்புக்கொண்ட தேசம் அது. ஐந்து வயசிலிருந்து சுமை தூக்கிய முதுகுக்கும் நாற்காலியில் தேய்ந்த முதுகுக்கும் ஒரே வயசு வரம்பு வைப்பது சமத்துவம் ஆகாது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது கூடுதலாக ஒரு இருநூறு ரூபாயை மட்டும் இல்லை. ‘ஆதரவற்றோர்’ என்ற சொல் எந்தத் தாளிலும் எந்த வாயிலும் இருக்கக்கூடாது. வருமான வரி கட்டாத, அரசுப் பென்ஷன் வாங்காத எல்லாக் கிழவர் கிழவிக்கும் கேள்வி இல்லாமல் கொடு. பழங்குடிக்கும் தலித்துக்கும் வயசைக் குறை. வயசுக்கு ஊர்ச்சனம் கிராம சபையில் சொல்கிற சாட்சியை எடுத்துக்கொள். ரேகை விழாவிட்டால் முகம் பார்த்துப் பணம் கொடு. மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கொடு. பேரை ஓய்வூதியம் என்று மாற்று.

மலையை விட்டு இறங்கும்போது ஆயா ஒரு படி சாமை கொடுத்தாள். பணம் வாங்கித் தர முடியாதவனுக்கு எதற்கு ஆயா என்றேன். “வந்துட்டு வெறுங்கையோட போவக்கூடாதுப்பா” என்றாள். தகுதி இல்லை என்று அவளைத் தள்ளிய தாளின்படி பார்த்தால் அவள் ஆதரவு உள்ளவள். தாள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அன்றைக்கு ஆதரவாக இருந்தவள் அவள், வாங்கிக்கொண்டு இறங்கியவன் நான்.